பச்சை திராட்சைக்கு யார் இருக்கா?

பசுமலை பஸ் ஸ்டாப் தள்ளுவண்டியில "பச்சை திராட்சை இருக்காண்ணே?"ன்னு கேட்டேன். விதையில்லாத ரகத்தை நீட்டினார். நான் கேட்டது அதில்லைங்க. மகாராஷ்டிராவில போக்ரின்னு சொல்ற பழைய ரகம், நம்மூர்ல பேரே பச்சை திராட்சைதான். மஞ்சள் கலந்த பச்சை, மெல்லிய தோல், உள்ளே விதை. ஹெக்டேருக்கு சுமார் 35 டன் காய்க்கும். ஆனா சீக்கிரம் கெட்டுடும், தூரத்துச் சந்தைக்கு ஆகாது.

கம்பம் பன்னீர் திராட்சையிலயும் விதை உண்டு. 1832ல பிரெஞ்சு பாதிரியார் கொண்டு வந்ததா சொல்வாங்க. வெளியூர்லேர்ந்து வந்த அதுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பச்சைக்கு அதுவும் இல்லை.

குறியீடு மட்டும் காப்பாத்திடாதுதான். விதையைத் துப்பச் சோம்பல்படற நாமதான் வில்லன் :-) வாங்க ஆளில்லேன்னா கொடியை வெட்டிட்டு வேற வைப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த தடவை விதை உள்ளதா கேட்டு வாங்குங்க மக்களே!