தீவோரம் ஒரு நடை

காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாக முயல் தீவுக்குச் சென்று, கட்டுச்சோறு உண்டு, கடலோரமாகக் காலாற நடந்து வருவது தூத்துக்குடி மக்களின் வழக்கம். அந்நடையில் காலடியைச் சற்று உற்று நோக்குங்கள். மணலோடு மணலாக வெண்ணிறப் பவளத் துண்டுகள் கிடக்கும். அலையின் வேகத்தைத் தணித்து இத்தீவுகளைக் காப்பவை கடலடியிலுள்ள பவளப் பாறைகளே.

அவை அழிந்தால் என்னவாகும்? அருகிலுள்ள வான் தீவே சான்று. முன்னர் பரந்திருந்த அது, 2015-க்குள் சில ஹெக்டேராகச் சுருங்கிற்று. விலங்குசல்லித் தீவோ நீரில் மூழ்கியே போயிற்று. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல்லாண்டுகள் பாறைகளைப் பெயர்த்தெடுத்தது இவ்வழிவுக்கு ஒரு பெருங்காரணம். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துள் சேர்ந்தது. பின்னர் வான் தீவைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

கடலில் எடுப்பதற்கும் ஓர் அளவுண்டு என்பதை முத்துக்குளித்துறை அறியாததன்று. சிப்பி முதிராத ஆண்டுகளில் சலாபம் நடத்தாது பொறுத்திருந்த கரை இது. பவளத்தில்தான் அவ்வளவை மறந்தோம்.

பெற்றோரே, தீவோரம் நடக்கையில் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள். பவளத் துண்டைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். பின்னர், கிடந்த இடத்திலேயே வைத்துவிடட்டும்.