ஒரு நாள் வராவிட்டால் டி.சி.யா?

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் இருக்கும். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அட்டவணை சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. '21 நாள் சவால்.' அரிசியைத் தொடாதே, சர்க்கரையைப் பார்க்காதே, மாலை ஆறு மணிக்கு மேல் வாயைத் திறக்காதே, தினமும் 10,000 அடி நட. ஒரு நாள் தவறினால் முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பி. முதல் வாரம் எல்லோரும் புது ஷூ படம் போடுகிறார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். மூன்றாம் வாரம் அட்டவணை அனுப்பியவரையே காணோம். விட்டவர்கள் எல்லாம் 'எனக்கு மன உறுதி இல்லை சார்' என்று என்னிடம் புலம்புகிறார்கள். உங்கள் மன உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறு அந்த அட்டவணையில்.

முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். ஒரு நாள் வராத பிள்ளைக்கு டி.சி. கொடுத்தேனா? 'நேற்று நீ வரவில்லை, அதனால் ஜூன் மாதப் பாடத்திலிருந்து மறுபடி படி' என்றேனா? மறுநாள் வந்ததும் உட்காரச் சொல்லி, விட்ட பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். அப்படித்தான் நீங்கள் எல்லோரும் தேறினீர்கள். உங்கள் உடம்புக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுங்கோல் வாத்தியார்?

இந்த எண்களின் கதையையும் கேளுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. 10,000 அடி? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் ஒரு கருவியின் பெயரே அதுதான். சரக்கின் பெயர் சட்டமாகிவிட்டது! பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டார்கள். என் வருகைப் பதிவேடு சொன்னதும் அதுதான்.

சரி, அடுத்தவரை ஏன் சொல்ல வேண்டும்? நானே பட்டவன். ஓய்வு பெற்ற மறுவருஷம் சர்க்கரை என்றார் டாக்டர். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பள்ளி டைம்டேபிள் மாதிரி ஒன்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதில் 'இரவு உணவு கிடையாது' என்று ஒரு விதி. டாக்டரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாகப் படுத்தேன். நடுராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. நான் தடை போட்ட அதே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துத்தான் என் மனைவி என்னைக் காப்பாற்றினாள். விடிந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுச் சொன்னாள்: "நாற்பது பிள்ளைகளை மேய்ச்ச மனுஷனுக்கு ஒரு வயித்தை மேய்க்கத் தெரியலையே!"

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் வேளைச் சோற்றை நிறுத்தாதீர்கள். சில மருந்துகளோடு பட்டினி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். பத்துக் குறளையும் தேடிப் பாருங்கள், ஓர் உணவின் பெயர்கூடக் கிடையாது. முன்பு தின்றது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, அளவு தெரிகிறதா என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறார். அட்டவணை தராமல் நம் அறிவை நம்பிய மனிதர் அவர்.

இப்போது நான் செய்வது சின்னச் சின்ன வேலைகள். இரவு சாப்பிட்டதும் தெருவில் பத்து நிமிஷம் நடை. மழை வந்தால் வீட்டுக் கூடத்திலேயே. தட்டில் ஒரு கரண்டி சாதம் குறைச்சல், ஒரு கரண்டி பொரியல் கூட. காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒன்றரை ஆகி, ஒன்று ஆகி, நின்றே போனது. அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. டிவியில் விளம்பரம் வந்தால் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவேன். கல்யாண வீட்டில் பாயசம் இரண்டு வாய். அதற்காக மறுநாள் பட்டினி கிடப்பதில்லை, வழக்கமான சாப்பாடுதான்.

'கட்டுப்பாடே வேண்டாமா சார்?' என்பீர்கள். வேண்டும். டாக்டர் சொன்ன மருந்தும் பத்தியமும் தவறக் கூடாது. புகையிலைக்கும் சாராயத்துக்கும் என் வாதம் செல்லாது, அவற்றை அடியோடு விடுங்கள். ஆனால் சோறும் நடையும் சாகும்வரை கூட வருபவை. சாகும்வரை செய்ய முடியாத ஒன்றை 21 நாள் செய்து என்ன பயன்?

இன்னொன்று. 'பாவம் பண்ணிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே குழந்தைகள் முன்னால் ஜாங்கிரி தின்னாதீர்கள். தின்றால் சந்தோஷமாகத் தின்னுங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள். அவர்கள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. ஏற்கெனவே தினமும் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு ஒரு சின்னப் பழக்கத்தைச் சேருங்கள். நாளை அதைச் செய்துவிட்டு இந்தப் பதிவின் கீழே 'உள்ளேன் ஐயா' என்று எழுதுங்கள். மறுநாள் வரவில்லையா? பரவாயில்லை, அதற்கு அடுத்த நாள் வாருங்கள். பெயரை அடிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்