இணையத்தில் பேசுவோம், பழைய இலக்கத்தையும் காப்போம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணப்பட்டு, தொலைத்தொடர்பு நிலையங்களில் வரிசையில் காத்திருந்த நாட்களை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூலிக்காசு கரைந்தது.

இன்று அதே பெற்றோர் உறவினர் காணியில் போட்ட கொட்டிலில் இருந்தபடியே ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகின்றனர். சிதறிப்போன குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல். எனினும், "இனிச் சாதாரண தொலைபேசி எதற்கு?" என்ற கேள்வி எம்மவரிடையே எழுந்துள்ளது. அதைக் கைவிடுவது புத்தியன்று என்பதே எமது கருத்து.

பழைய தொலைபேசியில், பேசும் இருவருக்காக ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்பட்டது. ஆகவே தூரத்துக்கும் நேரத்துக்கும் பணம் கொடுத்தோம். இணையத்திலோ குரல் சிறுசிறு பொதிகளாக உடைக்கப்பட்டு, மற்றத் தரவுகளுடன் சேர்ந்து சென்று, மறுமுனையில் மீண்டும் பொருத்தப்படுகின்றது. தூரத்துக்கெனத் தனிச் செலவில்லை. 1995 இல் கணினிகளுக்கிடையே தொடங்கிய இம்முறை, 2003 இல் வந்த ஸ்கைப் மூலம் பரவியது. 2015 இல் வட்ஸ்அப்பிலும் குரல் அழைப்பு வந்தபின் கிராமங்களை எட்டியது. அதே ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. ஒரு நிறுவனம் இலவசமாகத் தருவதை அந்நிறுவனமே நிறுத்தவும் முடியும்.

அரசாங்கமும் நிறுத்தலாம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் வட்ஸ்அப், வைபர் முதலியன இந்நாட்டில் தடுக்கப்பட்டன. 2022 ஏப்ரலிலும் சில மணி நேரம் தடை இருந்தது. எங்கே யார் எப்படி இருக்கிறார்களோ என்று நெஞ்சு பதைத்த வேளைகளிலேயே அந்த வழி அடைபட்டது.

மின்சாரமும் ஒரு பிரச்சினை. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்னோட்டம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது மணியடித்தது. இணைய இணைப்புக் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். பிரித்தானியா தன் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 முடிவில் மூட எண்ணியிருந்து, 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. ஆபத்தில் உதவி கோரும் கருவிகளை அந்த இணைப்பிலேயே வைத்திருந்த முதியோரின் நிலை இதற்கு ஒரு முக்கிய காரணம். வசதி படைத்த நாடே தயங்குமிடத்தில், மழைக்கு மின்வெட்டு வரும் எமது ஊர்களில் நாம் அவசரப்படலாமா?

இடம்பெயர்ந்தோருக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. அயல்வீட்டு வைஃபையில் பேசிக்கொண்டு, சிம் அட்டைக்கு மாதக்கணக்காகக் காசு போடாமல் விடுவோர் பலர். பாவிக்காத இலக்கம் செயலிழந்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். வட்ஸ்அப் கணக்கும் அந்த இலக்கத்திலேயே தங்கியிருக்கின்றது. பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் நாம் பதிந்து கொடுத்ததும் அதே இலக்கந்தான். காணி விடுவிப்பு, வீட்டுத்திட்டம் பற்றிய அழைப்பு வரும் நாளில் அந்நியர் ஒருவர் பதில் சொன்னால் இழப்பு யாருக்கு?

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சில ஒழுங்குகளைச் செய்துகொள்வது நல்லது. ஒரு சிம் அட்டையையாவது சிறுதொகை போட்டு உயிருடன் வைத்திருங்கள். பொத்தான் தொலைபேசியைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மின்கலம் நாட்கணக்கில் நிற்கும். அம்புலன்ஸ் சேவையின் 1990, பொலிசாரின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, விவசாயத் திணைக்கள ஆலோசனைக்கான 1920 ஆகியவற்றைச் சாதாரண அழைப்பிலேயே எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் எடுக்க முடியாது. இவற்றையும் பிள்ளைகளின் இலக்கங்களையும் கொப்பியில் எழுதி, குடும்ப அட்டையுடன் வையுங்கள். தொலைபேசிக்கு வரும் ஆறிலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

இலக்கம் மாறினால் அன்றே கிராம அலுவலரிடம் அறிவியுங்கள். வீடு மாறி மாறி அலைந்த எமக்கு, நிலையாக இருக்கும் முகவரி இன்று அந்த இலக்கமே.