ஒரு கார்ட்டூனும் மூன்றரை வருஷமும்

வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கி, விருத்தாசலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷத்தில் ஒருவர் செல்போனில் எத்தனை கார்ட்டூன்களைப் பார்த்துவிடுகிறார்! ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறார், குடும்ப குரூப்புக்கு அனுப்புகிறார், அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறார். வரைந்தவரின் பெயர் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை.

அப்படி மூலையில் பெயர் போடுகிற ஒருவர்தான் கார்ட்டூனிஸ்ட் பாலா.

பாலா முதலில் பத்திரிகைக்காரர். ‘குமுதம்’ இதழில் கார்ட்டூன் வரைந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, ‘லைன்ஸ் மீடியா’ என்று சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினார். இனி பக்கம் ஒதுக்க எடிட்டர் வேண்டாம், அச்சேறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வரைந்ததை ஃபேஸ்புக்கில் போட்டால், அடுத்த நிமிஷமே வாசகர் கையில் இருக்கும்.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் அங்கே வந்தார். அந்த வளாகத்திலேயே குடும்பம் தீயில் கருகியது. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இத்தனைக்கும், அநியாய வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது.

அந்தக் கோபத்தில் பாலா ஒரு படம் வரைந்தார். தீயில் ஒரு குழந்தை. எதிரே முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் துணியில்லாமல், ரூபாய் நோட்டால் தங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் செல்போன்களில் தீயாகப் பரவியது.

கலெக்டர் தரப்பில் புகார் போனது. நவம்பர் 5-ம் தேதி போலீஸ் வந்து பாலாவைச் சென்னையில் கைது செய்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனது. அவதூறாக அச்சிடுவதற்கான 501-வது பிரிவோடு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவும் சேர்ந்தது. மின்னணு வழியில் ஆபாசத்தை வெளியிட்டால் பாயும் பிரிவு அது. முதல் தடவையே மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதே படம் காகிதத்தில் மட்டும் வந்திருந்தால் 67-வது பிரிவுக்கு இடமே இல்லை.

தமிழ்நாட்டில் கார்ட்டூனுக்காகச் சிறைக்குப் போவது அது முதல் தடவை அல்ல. 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ‘ஆனந்த விகடன்’ ஓர் அட்டைப்பட ஜோக் வெளியிட்டது. சட்டமன்றம் கொதித்தது. மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. யாருக்கு? வரைந்தவருக்கு அல்ல, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அவர் சிறைக்குப் போனார். எதிர்ப்பு வலுக்க, சில நாட்களிலேயே விடுதலையானார். பின்னால் ஐகோர்ட்டுக்குப் போய், அடையாளமாக ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் பெற்றார்.

இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் முப்பது வருஷம். பத்திரிகையில் வரைகிறவருக்கு முன்னால் ஓர் ஆசிரியர் நிற்பார். ‘இது வேண்டாம்’ என்று சில படங்களைத் திருப்பித் தருவார். ‘இது என் பொறுப்பு’ என்று சிலவற்றுக்காகச் சிறைக்கும் போவார். செல்போனுக்கு வரைகிறவருக்குத் தடுக்க ஆள் இல்லை. தாங்கவும் ஆள் இல்லை. சுதந்திரம் முழுசாகக் கிடைக்கும்போது, அதற்கான பில்லும் முழுசாக அவர் பெயருக்கே வருகிறது.

மறுநாளே பாலாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வரைந்ததற்கு வருத்தமில்லை, தொடர்ந்து வரைவேன் என்றார். ஆனால் வழக்கு? அது ஓடிக்கொண்டே இருந்தது. 2021 மே மாதம்தான் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.இளங்கோவன் அதை ரத்து செய்தார். அதிகாரிகளின் அலட்சியத்தின் மீது இருந்த கோபத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார், அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். படம் சிலருக்கு அளவு மீறியதாகத் தோன்றலாம். ஆனால் நாகரிகம் எது என்று மக்களுக்குக் கற்பிப்பது கோர்ட்டின் வேலை அல்ல, அதைச் சமூகம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஒரே ஒரு படத்துக்கு, இப்படி மூன்றரை வருஷம்.

பாலாவின் படம் பிடிக்காதவர்கள் இருக்கலாம். ‘கோபம் சரி, துணியில்லாமல் வரைந்திருக்க வேண்டுமா?’ என்று கேட்பதில் நியாயமும் உண்டு. வருத்தம் என்னவென்றால், ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது. பெரியவர்கள் உடுத்தியிருந்தார்களா, இல்லையா என்ற விவாதத்தில், நடுவில் கிடந்த குழந்தையைப் பார்க்க மறந்துபோனது. பாலா அந்தப் படத்தை வரைந்ததே அந்தக் குழந்தைக்காகத்தான்.

அடுத்த தடவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு கார்ட்டூன் வந்தால், தள்ளுவதற்கு முன் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். படத்தில் யார் கிண்டல் செய்யப்படுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். யாருக்காக வரையப்பட்டது என்பதையும் தேடுங்கள். அப்படியே மூலையில் இருக்கும் பெயரையும் படித்துவிடுங்கள். அந்தப் படத்துக்கு வழக்கு வந்தால், கோர்ட் படி ஏறப்போவது அந்தப் பெயர்தான்.