பற்றிஸின் ஓடும் கொழுக்கட்டையின் ஓடும்

கிளிநொச்சியில் ஏ9 வீதித் தேநீர்க்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பற்றிஸும் ரோல்ஸும் வடையுமே நிறைந்திருக்கின்றன. அனைத்தும் எண்ணெயில் பொரித்தவை. இவற்றின் கலோரியைக் குறைக்க இயலாதா என்பது நீரிழிவு பெருகிவிட்ட இக்காலத்தில் நியாயமான கேள்வியே.

சுமை பெரிதும் ஓட்டில்தான் இருக்கிறது. மேலைநாட்டுப் 'பை' ஓட்டுக்கு மாவின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்புச் சேர்ப்பர். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 360 கலோரி. 50 கிராம் பட்டரில் மேலும் அவ்வளவு. பற்றிஸுக்கோ பொரிக்கும் எண்ணெயும் சேர்கிறது. கொழுப்பைக் குறைத்தால் ஓடு இறுகிவிடும். கோதுமையின் பசைப்புரதம் இறுகாது காப்பது கொழுப்பே.

ஆகவே மாற்றவேண்டியது மாவை. அரிசி மாவில் அப்புரதம் இல்லை. கொதிநீர் பட்டதும் அதன் மாப்பொருளே பிணைந்து நிற்கும். கொழுக்கட்டை ஓட்டுக்குக் கொழுப்பு வேண்டாததன் காரணம் இதுவே. கலோரி பாதியாகிறது.

வெள்ளையரிசி மா நீரிழிவுக்கு மருந்தன்று என்பதையும் சொல்லவேண்டும். தவிடு நீக்காத சிவப்பரிசி மாவுடன் குரக்கன் மா கலந்து, ஓட்டை மெல்லியதாகத் தட்டி, சர்க்கரையைக் குறைத்துப் பயற்றைக் கூட்டுவது நன்று. மீன் கறியையும் உள்ளே வைக்கலாம்.

மாலைவரை தாங்காது என்பர் கடைக்காரர். உண்மைதான். ஆயினும் இடியப்பம் காலையில் அவித்துக் காலையிலேயே விற்றுத் தீர்கிறதே! இரணைமடு நீரில் நெல் விளையும் ஊரில், இறக்குமதிக் கோதுமைக்கு அருகே கொழுக்கட்டைக்கும் ஒரு தட்டு ஒதுக்கலாகாதா?