‘நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா’

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களை அரசுத் தொடக்கப் பள்ளிகள் வீணடிக்கின்றன என்று ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு படித்தேன். அடுத்த முறை, எங்கேயாவது உண்மை இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். ஓரிடத்தில் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

அவர் சொல்வது இதுதான். வரிசையில் நிற்பது, நோட்டு எடுப்பது, கை கழுவுவது என்று பழக்கிக்கொண்டிருக்காமல் முதல் நாளே பாடத்தைத் தொடங்க வேண்டும். இந்தப் பழக்கங்கள் பிள்ளைகளை இயந்திரமாக்கிவிடும். பெற்றோர் கூட்டம் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த நாகரிகம். கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்காரர்களோடு பள்ளிக்கு என்ன கூட்டு? பள்ளி மேலாண்மைக் குழுவில் படித்த ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்தால் போதும்.

பத்தொன்பது வருடமாக விழுப்புரம் மாவட்டத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்துவருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்தக் கட்டுரையை எழுதியவர் ஜூன் மாதத்தில் ஒரு ஒன்றாம் வகுப்புக்குள் அரை நாள்கூட உட்கார்ந்ததில்லை.

நேரம் வீணாகிறது என்கிறார். நேரத்தையே கணக்குப் பார்ப்போம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ‘நோட்டை எடுங்க’ என்று நான் சொன்னதிலிருந்து முப்பது பிள்ளைகளும் எழுதத் தயாராகும்வரை எட்டு நிமிடம் ஆகிறது. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். ஒருவனுக்குப் பென்சில் இல்லை, ஒருத்தியின் நோட்டு யார் பையிலோ இருக்கும், இரண்டு பேர் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்கள். பென்சில் டப்பா எங்கே இருக்கும், யார் எடுத்துக் கொடுப்பார்கள், எடுத்ததை எங்கே திரும்ப வைக்க வேண்டும் என்று பழக்கிவிட்டால், ஜூன் கடைசியில் அதே வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம் மிச்சம். ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் அரை மணி நேரம். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. 200 நாளுக்கு அரை மணி வீதம் 100 மணி நேரம், அதாவது எட்டில் ஒரு பங்கு. அதைப் பழக்க நான் செலவழிப்பது பத்து நாளில் ஐந்து மணி நேரம். இந்த ஐந்து மணி நேரத்தைத்தான் அவர் வீண் என்கிறார்.

இயந்திரம் என்ற சொல்லை அவர் எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்! என் வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். மீன், குடை, கத்தரிக்காய், சைக்கிள். பெயர் படிக்கத் தெரியாத பிள்ளைகள் படம் பார்த்துப் பையை மாட்டுவார்கள். ஒரு வருடம் ஒரு பெண் குழந்தை மூன்று நாள் பையைக் கீழே வைக்கவே இல்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைச் சாப்பாடு, பாட்டு, கதை, மதியச் சாப்பாடு, மணி அடித்தால் வாசலில் பாட்டி. மூன்று நாளும் இதே வரிசையில் நடந்தது. நாலாம் நாள் காலையில் தானாகப் போய் மீனுக்குக் கீழே பையை மாட்டிவிட்டு என்னிடம் வந்து, ‘டீச்சர், அடுத்து பாட்டுதானே?’ என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா இன்றைக்குக் குடித்துவிட்டு வருவாரா மாட்டாரா, அம்மாவுக்கு வேலை உண்டா இல்லையா என்று எதுவுமே தெரியாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்பது உறுதியாகத் தெரிகிற ஒரே இடம் பள்ளிதான். அந்த உறுதி கிடைத்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள். முதல் நாளே பாடம் நடத்தியிருந்தால் பையோடு உட்கார்ந்திருந்தவள் பையோடே இருந்திருப்பாள்.

பெற்றோர் விஷயத்தில் அவர் எழுதியிருப்பது தவறு மட்டுமல்ல, இழிவு. வசதியுள்ளவர் பிள்ளை படிக்காவிட்டால் பள்ளியைக் கேட்கிறார்கள், கூலிக்காரர் பிள்ளை படிக்காவிட்டால் தாயைத் திட்டுகிறார்கள். இவரும் அதைத்தான் செய்கிறார். ‘கூட்டம் போட்டாலும் வருவதில்லை, அக்கறை இல்லை’ என்கிறார். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் எப்படி வருவார்கள்? நூறு நாள் வேலைத் தளத்தில் 2023 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. படத்தில் இல்லாதவளுக்குக் கூலி இல்லை. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். எங்கள் பேச்சைக் கேட்க அந்தக் கூலியை இழந்துவிட்டு வா என்கிறோம். வராதவளை அக்கறையில்லாதவள் என்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பையன் இருந்தான். எதைக் கேட்டாலும் விழிப்பான், பாதி நாள் ஜன்னல் பக்கமே திரும்பியிருப்பான். கவனமில்லாதவன் என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். அடுத்த ஜூனில் அவன் அம்மாவை மாலையில் வீட்டில் போய்ப் பார்த்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: ‘எடது பக்கமா நின்னு கூப்ட்டா திரும்பமாட்டான் டீச்சர். கைக்கொழந்தையா இருக்கறப்போ அந்தக் காதுல சீழ் வடிஞ்சிது. இந்தப் பக்கமா வந்து பேசுங்க, நல்லா கேப்பான்.’ அவனை நான் உட்கார வைத்திருந்த இடத்தில் என் குரல் இடது பக்கமிருந்துதான் அவனுக்குப் போகும். மறுநாள் இடம் மாற்றினேன். தீபாவளிக்குள் சொற்களைக் கூட்டிப் படித்தான். அந்தத் தாய்க்குக் கைநாட்டுதான். எனக்கு இரண்டு பட்டங்கள். அந்தப் பையனைப் பற்றித் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது, அதை ஒரு வருடம் முன்பே நான் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டு நாகரிகம் என்கிறார். கல்வி அதிகாரியாக இருந்தவருக்குத் தன் துறையின் வரலாறே தெரியவில்லை என்பது வேதனை. காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டிடம் என்று முடிந்ததை ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும்? 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், அதே பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். நான் பள்ளிக்குள் நுழைவதற்கு முன்பே அந்தத் தாய்மார்கள் அடுப்புப் பற்ற வைத்துவிடுகிறார்கள். இவர்களுக்குத்தான் அக்கறை இல்லையாம்.

சட்டமும் அவருக்குத் தெரியவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கான நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. 24-ஆம் பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் கற்றலையும் சொல்வதை ஆசிரியரின் கடமை ஆக்கியிருக்கிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று விட்டுவைக்கவில்லை. ‘படித்த பெரியவர்கள் போதும்’ என்று எழுதுகிறவர், கணக்குக் கேட்கும் உரிமையைத் தாய்மாரிடமிருந்து பிடுங்கி, ஊரில் ஏற்கெனவே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுக்கச் சொல்கிறார். கட்டுரையிலேயே ஆபத்தான வரி அது.

அவர் சொன்னதில் உண்மை இருக்கும் இடத்துக்கு வருகிறேன். பல பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் சடங்காகிவிட்டது என்கிறார். ஆமாம். படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கலைகிற கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குக் கூட்டத்தையே நிறுத்திவிடுவதா வழி? குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் குழாயைச் சரிபார்ப்போம். தாகமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

சடங்கானதற்குக் காரணம் அவர் நினைப்பது அல்ல. நம் பள்ளிகளில் ‘நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா’ என்பது ஒரு தண்டனை. அடிக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். இந்தத் தாய்மார்களும் அதே வார்த்தையைக் கேட்டு, அதே பயத்தோடு பாதியில் படிப்பை விட்டவர்கள். அவர்களுக்குப் பள்ளி வாசல் என்றால் தலை குனிந்து நிற்க வேண்டிய இடம். முதல் இரண்டு வாரத்தில், பிள்ளை ஒரு தப்பும் செய்வதற்கு முன்னால், நாம் போய்ப் பேசினால்தான் அந்தப் பயம் கொஞ்சமாவது தணியும். ஜூலையில் புகார் வந்த பிறகு கூப்பிட்டால் அது பழைய தண்டனைதான்.

அதனால் இப்போதெல்லாம் ஜூன் இரண்டாம் வாரத்தில், மாலை ஆறரை மணிக்கு, மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போடுகிறேன். மாட்டைக் கட்டிவிட்டு, தலையை முடிந்துகொண்டு வருகிறார்கள். முதல் வருடம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள்: ‘எம் புள்ள தப்புப் பண்ணா மட்டும் சொல்லி அனுப்புறீங்களே டீச்சர், அது நல்லா படிச்ச அன்னிக்கு ஏன் ஒரு வார்த்த சொல்லி அனுப்பல?’ என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன்.