குற்றவாளிக் கூண்டில் ஏன் நோயாளி?

கல்வராயன் மலையிலிருந்து சீழ்ப்புண்ணோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவருக்குப் போட்ட ஊசி கேட்கவில்லையா? "கண்ட மாத்திரையை வாங்கி முழுங்கியிருப்பார், அதான்" என்று கதையை முடித்துவிடுகிறோம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது தவறுதான். கடுமையான ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றை விற்கும் கடை தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் இருக்கிறது. அதைக் கண்காணிப்பது அரசின் வேலை. ஆஸ்பத்திரிக் கிருமி மருந்துக்கு மசியாததற்கு நோயாளியே காரணம் என்பதோ வேறு வாதம். அது நிற்காது.

1. "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது."

பழகுவது உடம்பல்ல, மாறுவது கிருமி. சீழ்க்கட்டி ஒன்றில் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகுகின்றன. பெருகும்போது மரபணுவில் பிழை நேரும். ஏதோ ஒன்றுக்கு அந்தப் பிழையே கவசமாகிவிடும். களைக்கொல்லி அடித்த மக்காச்சோளக் காட்டில் தப்பிய புல் மட்டும் மண்டுவதுபோல, மருந்து மற்றவற்றை அழிக்க, இது இடம் பிடிக்கிறது.

2. "மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதுதான் காரணம்."

1947-இல் பிரிட்டனில் காசநோயாளிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி. பாதியில் நிறுத்த நோயாளிக்கு வழியே இல்லை. அப்படியும் பெரும்பாலானோரிடம் கிருமி எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. ஒற்றை மருந்தே காரணம்; மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகே அது அடங்கியது. ஏழைகள் வீட்டிலிருந்தால் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா என்ற சந்தேகத்துக்கும் 1959-இல் சென்னைக் காசநோய் ஆய்வு மையம் பதில் சொன்னது: நெரிசலான வீடுகளில் சிகிச்சை பெற்றவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமானார்கள்.

ஊசி தவறாதபோதும் கிருமி எதிர்ப்பைப் பெறுவதை இன்றைய ஐ.சி.யு.விலும் பார்க்கலாம். சூடோமோனாஸ் கிருமிக்குள் இமிபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் நுழைவது அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதத் துளை வழியே. சிகிச்சை நடக்கும்போதே அந்தத் துளையை இழந்த கிருமிகள் தலைதூக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் முதல் கல்ச்சர் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்கும். அதே நோயாளியின் அடுத்த தட்டில் வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருக்கும். இடையில் ஒரு வேளை ஊசிகூடத் தவறியிருக்காது.

3. "பவர் கூடின ஊசி போட்டால் சரியாகிவிடும்."

அந்த ஊசி நோய் கண்ட இடத்துக்கு மட்டும் போவதில்லை. குடலில் சும்மா இருக்கும் கிருமிகளையும் தாக்கி, தாங்குபவற்றை விட்டுவைக்கிறது. கடைசிக் கையிருப்பான கார்பாபெனம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைச் சென்னையில் 44 கிருமி மாதிரிகளில் கண்டதாக 2010-இல் கார்த்திகேயன் குமாரசாமி குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் கிருமிகள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. பவரை ஏற்றிக்கொண்டே போனால் ஏறுவதற்குப் படி மிஞ்சாது.

4. "அவருக்கு வந்தது அவரோடு போய்விடும்."

போகாது. கழுவாத கை, நாள்கணக்கில் எடுக்காத சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் வழியே பக்கத்துப் படுக்கைக்குப் போகும். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ நோயாளியை அனுப்பும்போது கிருமியும் ஆம்புலன்ஸில் ஏறுகிறது. கல்ச்சர் முடிவு கூடவே போகாவிட்டால் அங்கே மீண்டும் முதலிலிருந்து ஊகம்தான்.

எனவே பொறுப்பு முதலில் ஆஸ்பத்திரியுடையது: முதல் ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு மாதிரி எடுப்பது, இரண்டு மூன்று நாளில் முடிவைப் பார்த்து மருந்தைச் சுருக்குவது, தேவையில்லாத குழாயை உடனே எடுப்பது, கை கழுவுவது. நோயாளியோடு இருப்பவர்களே, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இதுவரை போட்ட ஊசிகளின் பட்டியலையும் கல்ச்சர் முடிவையும் கேட்டு வாங்குங்கள். காசநோய் மருந்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். மலையிலிருந்து வந்தவர் என்பதற்காகப் பழியைச் சுமக்காதீர்கள்.